ஷவர் மூடிய பிறகும் சொட்டுகிறது: வாஷர் மாற்றியும் நிற்காத பழைய சுவர் மிக்ஸர்

சொட்டுநீர்

குளியலறையில் இருப்பது பழைய சுவர் மிக்ஸர். இரண்டு கைப்பிடி, நடுவில் டைவர்ட்டர், கீழே வாளி பிடிக்க ஒரு மூக்குக் குழாய், மேலே ஷவர். கால் சுற்றில் திறக்கும் செராமிக் வகை இல்லை. பல சுற்றுச் சுற்றித் திறக்கும் ரப்பர் வாஷர் வகை. இரண்டையும் மூடிய பிறகும் ஷவர் தலையிலிருந்து சொட்டு விழுகிறது. இரண்டு பக்கமும் வாஷர் மாற்றியாகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினால் சொட்டு குறைகிறது, நிற்கவில்லை. தவிர, வெந்நீர்ப் பக்கம் திறந்திருக்கும்போது கைப்பிடிக்கு அடியில் கசிந்து சுவரில் வழிகிறது. டைவர்ட்டரை மாற்ற வேண்டுமா, மிக்ஸரையே மாற்ற வேண்டுமா?

பானாக்கை

டைவர்ட்டரை விட்டுவிடுங்கள். வந்த தண்ணீரை மேலே அனுப்புவதா கீழே அனுப்புவதா என்பது மட்டும்தான் அதன் வேலை. தண்ணீரை நிறுத்துவது இரண்டு பக்கத்து ஸ்பிண்டில், அதாவது கைப்பிடியைத் திருப்பினால் ஏறி இறங்கும், அடியில் வாஷர் உள்ள தண்டு. இரண்டும் சரியாக மூடியிருந்தால் டைவர்ட்டர் எவ்வளவு பழுதாக இருந்தாலும் சொட்ட அங்கே தண்ணீரே இருக்காது. மூக்கில் தண்ணீர் பிடிக்கும்போது ஷவரிலும் ஒழுகுகிறதா, அப்போது டைவர்ட்டரைக் குறை சொல்லலாம்.

அடுத்தது, இது கசிவா, தேங்கிய தண்ணீரா? குளித்து முடித்த பிறகு மேலே ஏறும் குழாயிலும் ஷவர் தலையிலும் தண்ணீர் நிற்கும். துளைகள் சிறியவை என்பதால் அது உடனே இறங்காது. காற்று உள்ளே போகும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டும். அகலமான மழை ஷவரில் இது நெடுநேரம் நடக்கும். சோதிக்க எளிய வழி: கைப்பிடிகளை மூடிவிட்டு டைவர்ட்டரை மூக்குப் பக்கம் திருப்பி வையுங்கள். ஷவர் கொஞ்ச நேரத்தில் ஓய்ந்து, மூக்கும் காய்ந்துபோனால் அது வெறும் தேங்கிய தண்ணீர். மூக்கில் சொட்டு தொடர்ந்தால் ஸ்பிண்டில் கசிகிறது.

எந்தப் பக்கம் என்பதைச் சொட்டின் சூட்டை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். மெதுவாக வரும் வெந்நீர் குழாயிலேயே ஆறிவிடும். ஹீட்டரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு அதற்குள் போகும் தண்ணீர் வால்வை மூடுங்கள். சொட்டு நின்றால் வெந்நீர்ப் பக்கம். நிற்காவிட்டால் குளிர்நீர்ப் பக்கம், அல்லது இரண்டும். மூக்குக்கு அடியில் அளவுக்கோப்பை வைத்து 15 நிமிடம் பிடித்து, வந்த மில்லிலிட்டரை 96-ஆல் பெருக்கினால் ஒரு நாள் கணக்கு. வால்வை மூடும் முன்னும் பின்னும் பிடித்துப் பார்த்தால் எந்தப் பக்கம் எவ்வளவு கசிகிறது என்று துல்லியமாகத் தெரியும்.

மரையாணி

பானாக்கை சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும்: கேள்வியில் இருப்பவை இரண்டு தனித்தனிக் கசிவுகள். மூடிய பிறகு சொட்டுவது வாஷருக்கும் அது உட்காரும் சீட்டுக்கும் நடுவில் வரும் பழுது. திறந்திருக்கும்போது மட்டும் கைப்பிடிக்கு அடியில் கசிவது கிளாண்டின் பழுது. தண்டைச் சுற்றியிருக்கும் அடைப்பு தேய்ந்துவிட்டால் அழுத்தம் வந்தவுடன் தண்ணீர் தண்டோடு ஏறி வெளியே வரும். வாஷரை நூறு முறை மாற்றினாலும் இது நிற்காது.

வாஷர் புதிதாக இருந்தும் சொட்டினால் எனக்குச் சீட்டின் மேல்தான் சந்தேகம். பித்தளைச் சீட்டின் விளிம்பில் மணலோ சுண்ணாம்புத் துணுக்கோ மாட்டி ஒரு கீறல் விழும். அந்தக் கீறல் வழியே தண்ணீர் அழுத்தத்தோடு ஓடி ஓடி அதை வாய்க்காலாக அறுத்துவிடும். சொட்டும் குழாயைச் சரிசெய்யாமல் போட்டு வைத்தால் சீட் கெடுவதற்குக் காரணம் இதுதான். இறுக்கினால் சொட்டு குறைவது, ரப்பர் நசுங்கி அந்தப் பள்ளத்தைப் பாதி நிரப்புவதால். அப்படியே இறுக்கிக்கொண்டே போனால் புது வாஷரும் வெட்டுப்பட்டுவிடும்.

கழற்றும்போது கவனிக்க வேண்டியவை:

தண்ணீரை நிறுத்தியதும் இரண்டு பக்கமும் திறந்து குழாயில் உள்ள அழுத்தத்தை விடுங்கள். வடிகால் ஓட்டையைத் துணியால் மூடுங்கள். அதற்குள் விழுந்த திருகாணி திரும்பி வராது. கைப்பிடியின் நடுவில் உள்ள நிறம் காட்டும் மூடியை மெல்லிய கத்தி முனையால் நெம்பினால் உள்ளே திருகாணி இருக்கும். கைப்பிடி தண்டோடு பிடித்துக்கொண்டிருந்தால் சுத்தியலால் தட்டாதீர்கள். சூடான வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி அரை மணி நேரம் விட்டு, இடமும் வலமுமாக ஆட்டி இழுங்கள். துணியை எடுத்ததும் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

ஸ்பிண்டிலின் அறுகோணத்தில் ஸ்பேனர் போடும் முன் தண்டைப் பாதி திறந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். முழுக்க மூடியபடி கழற்றினால் வாஷர் சீட்டில் அழுந்தி நின்று எதிர்த்துத் தள்ளும், மரை கெடும். திரும்பப் பூட்டும்போதும் அப்படியே.

ஒரு கையில் ஸ்பேனர் என்றால் மறு கையில் மிக்ஸரின் உடலைப் பிடிக்க இன்னொன்று வேண்டும். சுவருக்குள் இருப்பது பிளாஸ்டிக் குழாயாக இருந்தால் இது கட்டாயம். உடல் சுழன்றால் உள்ளே இருக்கும் முழங்கை விரிசல் விடும்; அதற்கப்புறம் சுவர் டைல்ஸை உடைக்காமல் வேலை முடியாது. பற்கள் உள்ள பைப் ரென்சைக் குரோம் மேல் போட்டால் தடம் விழும், நடுவில் துணி வையுங்கள்.

கழற்றியதும் நீங்கள் மாற்றிய வாஷரின் முகத்தைப் பாருங்கள். சுற்றிலும் ஒரே ஆழத்தில் வட்டத் தடம் இருந்தால் சீட் நன்றாக இருக்கிறது. ஓரிடத்தில் தடம் அறுந்தோ மேடாகவோ இருந்தால் சீட்டில் அதே இடத்தில் பள்ளம். தடம் ஒரு பக்கம் ஆழமாகவும் மறு பக்கம் மேலோட்டமாகவும் இருந்தால் தண்டு வளைந்திருக்கிறது, அல்லது வாஷரைப் பிடிக்கும் தட்டு கோணலாகியிருக்கிறது.

சொட்டுநீர்

இரண்டு பக்கமும் பார்த்தாயிற்று. குளிர்நீர்ப் பக்கம் தடம் சுத்தமான வட்டம். வெந்நீர்ப் பக்கத்து வாஷரில் ஓரிடத்தில் தடம் அறுந்திருக்கிறது, சீட்டை விரலால் தடவினால் அந்த இடத்தில் நகம் மாட்டுகிறது. உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்த்துவிடலாமா?

சணல்நூல்

வேண்டாம். விரலால் தேய்த்தால் ஒரு பக்கம் அதிகமாகவும் மறு பக்கம் குறைவாகவும் தேயும். பள்ளம் இருந்த இடத்தில் பெரிய சாய்வு வந்து நிற்கும்.

இதற்கென்றே சீட் கட்டர் இருக்கிறது. ஸ்பிண்டில் மாட்டும் அதே மரையில் இதன் மேல் பகுதியைப் பூட்ட வேண்டும். அதனால்தான் வெட்டும் முகம் சீட்டுக்கு நேராக நிற்கிறது. தொடும்வரை இறக்கி, லேசான அழுத்தத்தில் வலஞ்சுழியாக மட்டும் இரண்டு மூன்று சுற்று. எடுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். சீட்டின் விளிம்பு முழுக்கப் பளபளவென்று ஒரே வளையமாகத் தெரிந்தால் போதும். ஒரு இடத்தில் இன்னும் கறுப்புக் கோடு தெரிந்தால் இன்னும் ஒரு சுற்று. அழுத்தி ஓட்டினால் கட்டர் அதிர்ந்து சீட்டில் வரிவரியாகத் தடம் போடும், முன்பைவிட மோசம். பித்தளை தேய்ந்து மிக மெல்லியதாகிவிட்ட சீட்டில் கட்டர் போட வேண்டாம்.

வெட்டிய தூள் உள்ளேயே இருக்கும். ஸ்பிண்டிலைப் பூட்டும் முன், ஓட்டைக்கு முன்னால் வாளியைப் பிடித்துக்கொண்டு வால்வை ஒரு கணம் திறந்து மூடுங்கள், அடித்துக்கொண்டு போய்விடும். இதைச் செய்யாவிட்டால் அந்தத் தூளே புது வாஷரில் பதியும். ஹீட்டர் ஆறிய பிறகுதான் இதைச் செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். சொல்லிவிட்டேன்.

கிளாண்டுக்கு: தண்டைச் சுற்றியுள்ள சின்ன நட்டை முதலில் எட்டில் ஒரு சுற்று மட்டும் இறுக்கிப் பாருங்கள். பல நேரம் அதிலேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் நட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் பழைய அடைப்பை வளைந்த ஊசியால் முழுக்கச் சுரண்டி எடுங்கள். டெஃப்லான் டேப்பைக் கயிறுபோல முறுக்கித் தண்டில் மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, குச்சியால் அழுத்தி உள்ளே தள்ளி, நட்டைப் போடுங்கள். சிலிக்கான் கிரீஸ் தடவிய சணல் நூலும் இதற்கு நன்றாக நிற்கும். கசிவு நிற்கும் இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். கைப்பிடி கனமானால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள். கிளாண்ட் நட்டுக்குப் பதில் ஓ-ரிங் உள்ள ஸ்பிண்டில் என்றால் அதே அளவில் ஓ-ரிங் மாற்றினால் போதும்.

பானாக்கை

கட்டர் தேடி அலைவதற்குப் பதில், பழைய ஸ்பிண்டிலை எடுத்துவிட்டு அதே மரைக்குச் செராமிக் ஸ்பிண்டில் போட்டால் என்ன? வாஷர் தொல்லையும் போகும், கிளாண்ட் தொல்லையும் போகும். பல பழைய மிக்ஸர்களில் அரை இஞ்சு செராமிக் ஸ்பிண்டில் அப்படியே பொருந்தும்.

மரையாணி

பொருந்தும், ஆனால் சீட் பிரச்சினை போகாது. செராமிக் ஸ்பிண்டிலின் அடியிலும் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அது உட்காருவது அதே பழைய சீட்டின் மேல்தான். சின்னக் கீறல் என்றால் அந்த வளையம் அமுக்கிவிடும். நகம் மாட்டும் பள்ளம் என்றால் தண்ணீர் செராமிக் தட்டைத் தொடாமலேயே வளையத்துக்கு அடியில் புகுந்து வந்துவிடும். முதலில் சீட், பிறகு எது வேண்டுமானாலும்.

சீட்டைச் சரிசெய்த பிறகு செராமிக்குக்குப் போவது நல்ல யோசனை. வாங்கும் முன் நான்கைச் சரிபார்க்க வேண்டும். ஒன்று, உடலில் பூட்டும் மரை. இரண்டு, மரைக்குக் கீழே உள்ள நீளம்; அது குறைந்தால் வளையம் சீட்டைத் தொடாது, கூடினால் மரை முழுதாக ஏறாது. மூன்று, கைப்பிடி மாட்டும் பற்களின் எண்ணிக்கை, பொதுவாக 20 அல்லது 24. நான்கு, திறக்கும் திசை. வெந்நீர்ப் பக்கத்துக்கும் குளிர்நீர்ப் பக்கத்துக்கும் எதிரெதிர்த் திசையில் திறக்கும் ஜோடி வரும். நெம்புகோல் கைப்பிடியில் திசை மாறினால் கைப்பிடி எதிர்ப்பக்கமாகத் திறக்கும். பழையதைக் கையில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் நிச்சயமான வழி.

அரை இஞ்சு என்று சொல்வதை அளவுகோலில் தேடாதீர்கள். அரை இஞ்சுக் குழாய் மரையின் வெளிவிட்டம் கிட்டத்தட்ட 21 மிமீ. 12.7 மிமீ என்று தேடி ஏமாறுகிறவர்கள் உண்டு.

நீரோட்டம்

ஒற்றைக் கைப்பிடி மிக்ஸர் வைத்திருப்பவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாக: அதில் வாஷரும் சீட்டும் இல்லை, செராமிக் தட்டுகள் அடங்கிய ஒரே உருளை, அதாவது கார்ட்ரிட்ஜ்தான். பரவலாகக் கிடைப்பவை 35 மிமீ, 40 மிமீ விட்டம். விட்டம் ஒன்றாக இருந்தாலும் அடிப்பகுதி தட்டையா, கால் உள்ளதா, அடியில் உள்ள முளைகள் எங்கே என்பது மாறும். மூடிய பிறகு சொட்டினால் உடனே புதிது வாங்க வேண்டாம். கழற்றி, அடி வளையங்களைத் துடைத்து, கார்ட்ரிட்ஜ் உட்காரும் குழியில் மணல் இருக்கிறதா பாருங்கள். பல நேரம் அங்கேதான் விஷயம். மேலே பிடிக்கும் வளைய நட்டு தளர்ந்தால் கைப்பிடிக்கு அடியில் கசியும், மிகவும் இறுகினால் கைப்பிடி நகராது. செராமிக் தட்டை எந்த உப்புத்தாளாலும் தேய்க்கக் கூடாது. கண்ணாடிபோல் வழவழப்பாக இருப்பதால்தான் அது தண்ணீரை அடைக்கிறது.

ஒரு சந்தேகமும் உண்டு. ஹீட்டர் ஓடும்போது மட்டும் சொட்டி, ஆறியதும் நின்றுவிடும் ஷவருக்கும் இதே வைத்தியமா?

பானாக்கை

சூடாகும்போது தண்ணீர் விரியும். ஹீட்டருக்கு முன்னால் ஒருவழி வால்வு இருந்தால் விரிந்த தண்ணீர் பின்னால் போக வழியில்லை, வெந்நீர்ப் பக்கம் அழுத்தம் ஏறும். பலவீனமான சீட் அல்லது கார்ட்ரிட்ஜ் அந்த அழுத்தத்தில் விட்டுக்கொடுக்கிறது. ஷவரைச் சரிசெய்யலாம், அதோடு ஹீட்டரின் பாதுகாப்பு வால்வு வேலை செய்கிறதா என்பதையும் கட்டாயம் பார்க்க வேண்டும். அந்த அழுத்தம் வெளியேற இருக்கும் வழி அதுதான். அதில் சொட்டுகிறது என்று யாராவது அடைத்து வைத்திருந்தால் ஷவரை விட அதுதான் அவசரம்.

கை ஷவர் உள்ளவர்களுக்கும் ஒன்று. கையில் உள்ள விசையால் மட்டும் மூடிவிட்டு மிக்ஸரைத் திறந்தே விடாதீர்கள். வெந்நீரும் குளிர்நீரும் மிக்ஸருக்குள் ஒன்றுக்குள் ஒன்று புகும், ஹோஸ் முழு அழுத்தத்தில் நின்று ஒரு நாள் வெடிக்கக்கூடும்.

சொட்டுநீர்

கட்டர் கிடைத்துவிட்டது. பூட்டும் முன் இரண்டு கேள்வி. ரப்பருக்கு வாசலின் தடவலாமா? ஷவர் தலையிலும் ஸ்பிண்டிலிலும் வெள்ளையாகக் கல்போலப் படிந்திருக்கிறது. கழிவறை ஆசிட் ஊற்றினால் போய்விடுமா?

மரையாணி

வாசலின் வேண்டாம். பெட்ரோலியத்திலிருந்து வருவது எதுவும் குழாய்ப் பொருள்களில் அதிகம் பயன்படும் இபிடிஎம் ரப்பரை ஊத வைக்கும். ஊதிய வாஷர் தண்ணீரின் வழியை அடைத்துப் பிறகு கிழியும். சிலிக்கான் கிரீஸ், அதுவும் விரலில் பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும். துருப்பிடித்ததை இளக்கும் ஸ்ப்ரே எண்ணெயும் அப்படித்தான்: இறுகிய உலோக மரைக்கு நல்லது, ஆனால் சிபிவிசி குழாய் மேல் வழிந்தால் பிளாஸ்டிக் நாளடைவில் வெடிப்பு விடக்கூடும்.

ஆசிட்டைத் தொடவே தொடாதீர்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும், குரோமையும் கூடவே உரிக்கும். வினிகர் போதும். பிளாஸ்டிக் ஷவர் தலை என்றால் கழற்றிச் சில மணி நேரம் ஊற வைக்கலாம். குரோம் பூசியது என்றால் அரை மணிக்கு ஒருமுறை எடுத்துக் கழுவிப் பாருங்கள். பூச்சில் ஏற்கெனவே கீறல் இருந்தால் அமிலம் அதன் அடியில் புகும். ரப்பர் முளை உள்ள துளைகளை விரலால் தேய்த்தாலே கல் உதிரும். எந்த அமிலமாக இருந்தாலும் பிளீச்சோடு கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது விளையாட்டில்லை.

கழற்றியிருக்கும்போதே உடலின் உள் மரையைப் பாருங்கள். மஞ்சளாக இருக்க வேண்டிய பித்தளை செம்புபோல இளஞ்சிவப்பாகி, கத்தி முனையால் சுரண்டினால் பொடியாக உதிர்கிறதா? அப்படியானால் தண்ணீர் அதிலிருந்த துத்தநாகத்தைத் தின்றுவிட்டது. மிஞ்சியிருப்பது ஓட்டை ஓட்டையான செம்பு. அந்த மிக்ஸருக்கு வாஷர், கட்டர் எதுவும் செலவழிக்காமல் முழுதாக மாற்றுங்கள். உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்: உடல் மஞ்சளாகவும் மரை கூர்மையாகவும் இருக்கும்வரை பழைய மிக்ஸரைக் காப்பாற்றலாம். கனமான பழைய வார்ப்பு உடல்களைத் தூக்கி எறிந்துவிட்டு லேசான புதியதை மாட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

சணல்நூல்

மாற்றத்தான் வேண்டும் என்றால் ஒரு குறிப்பு. இரண்டு இணைப்புகளின் நடு தூரம் பொதுவாக 150 மிமீ. சுவரில் அது துல்லியமாக இருக்காது என்பதால்தான் யூனியன் என்ற வளைந்த இணைப்புத் துண்டு தருகிறார்கள். சுவருக்குள் போகும் அரை இஞ்சு முனைக்கு டேப் வேண்டும். மிக்ஸர் பக்கத்து முக்கால் இஞ்சு நட்டுக்கு டேப் வேண்டாம், உள்ளே தட்டை வாஷர்தான் அடைக்கிறது. அங்கே டேப் சுற்றினால் நட்டு முழுதாக ஏறாமல் வாஷர் தளர்ந்து நிற்கும். ஷவர் ஹோஸின் நட்டும் அப்படியே.

சொட்டுநீர்

மஞ்சளாகத்தான் இருக்கிறது, மரையும் நன்றாக இருக்கிறது. மேலே சுவரிலிருந்து வரும் ஷவர் கையும் ஆடுகிறது. அதற்கு டேப் எத்தனை சுற்று?

சணல்நூல்

சாதாரண மெல்லிய டேப் என்றால் எட்டிலிருந்து பன்னிரண்டு சுற்று. மரையின் முனை உங்களைப் பார்த்திருக்க, வலஞ்சுழியாக இழுத்துச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் பூட்டும்போது டேப் கழன்று சுருண்டு வெளியே வரும். முதல் மரையை வெறுமையாக விடுங்கள், இல்லாவிட்டால் டேப் துணுக்கு உள்ளே போய் ஷவர் துளையை அடைக்கும். ஷவர் கை நேராக வரவில்லை என்று பின்னோக்கித் திருப்பக் கூடாது. தாண்டிவிட்டால் முழுதாகக் கழற்றிப் புது டேப்.

மரையாணி

தண்ணீரைத் திரும்ப விடும்போது ஷவர் தலையைக் கழற்றி வைத்துவிட்டு, மிக்ஸரைப் பாதி திறந்த நிலையில், வால்வை மெதுவாகத் திறங்கள். குழாயில் அடைபட்ட காற்று சீறிக்கொண்டு வரும். மூடிய செராமிக் தட்டில் அது மோதினால் தட்டு விரிசல் விடக்கூடும். இரண்டு பக்கமும் தண்ணீர் கலங்கலின்றி வரும்வரை ஓடவிட்டு மூடுங்கள். புது ரப்பர் வாஷரைத் தண்ணீர் நின்ற இடத்திலேயே விட்டுவிட வேண்டும், அதற்கு மேல் கால் சுற்றுகூட வேண்டாம். ஹீட்டரின் மின்சாரம் கடைசியில், வெந்நீர்ப் பக்கத்தில் காற்றில்லாமல் தண்ணீர் வந்த பிறகு.

சுவரை ஒட்டிய வட்டத் தகட்டை உடனே ஒட்டிவிடாதீர்கள். அதன் பின்னால் ஒரு உலர்ந்த டிஷ்யூவைச் செருகி மறுநாள் எடுத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் சிலிக்கான் போடுங்கள், மேல்புறத்திலும் இரு பக்கங்களிலும் மட்டும். அடியில் விரல் அகலம் திறந்திருக்கட்டும். பிறகு எப்போதாவது உள்ளே கசிந்தால் சுவருக்குள் ஊறாமல் அந்த வழியாக வெளியே தெரியும்.

பானாக்கை

டிஷ்யூ ஈரமாக வந்தால் வேறு எதையும் தொடும் முன் யூனியன் வாஷரைப் பாருங்கள். மிக்ஸரை ஆட்டியபோது அது நகர்ந்திருக்கலாம்.